சாய்ந்த பக்கத்துத் தொட்டி

பிப்ரவரி 9

மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்க இன்னும் மூன்று மணி நேரம். மனைவி வெங்காயம் நறுக்குகிறாள். நான் அவளுடைய தேர்வுக் கேள்விக் கட்டோடு முக்காலியில்.

"எதிரே ஒரு கப்பல். மேலும் கீழுமாக ரெண்டு சிவப்பு விளக்கு."

"அதால திரும்ப முடியாது. நாமதான் ஒதுங்கிப் போகணும்."

"அப்பாவுக்குக் கோபம் வந்தா மாதிரி" என்றாள் மகள். ஏழு வயது. வாலு.

சரக்குக் கப்பலில் செகண்ட் மேட்டாக ஆறு வருடம் ஓடியவள். மகளைப் பள்ளியில் சேர்க்க வந்து, இரண்டு வருடமாகக் கரையில். இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால் சீஃப் மேட். கேப்டனுக்கு அடுத்த நாற்காலி.

பிப்ரவரி 17

தேறினால் ஆறு மாதம் கடல். எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 24

கப்பலின் சமநிலை பற்றிய பாடம். முப்பது கேள்வி. பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிட்டு, தீயணைப்பைக் கேட்க ஆரம்பித்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

எழுத்து பொடியாக இருந்தது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கண்ணாடிக் கடைக்காரன்!

மார்ச் 4

போய்விட்டது.

தேர்வாளர் பழைய கேப்டன். மேஜையில் ஒரு மரக்கப்பல். அதை இடப்பக்கம் சாய்த்து, "மேல்பாரம் அதிகமாகித் தானாவே சாய்ஞ்சு நிக்குது. நிமிர்த்தணும்னா அடித்தொட்டியில தண்ணி விடணும். எந்தப் பக்கம் முதல்ல?" என்றாராம். இவள் வலப்பக்கம் என்றிருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கப்பலை வலப்பக்கமாகக் குப்புறக் கவிழ்த்தார். "எல்லாரும் முங்கியாச்சு. போய்ட்டு வாம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு கழுவின பாத்திரத்தையே மறுபடி மறுபடி கழுவினாள்.

நான் தள்ளிய பக்கம் அது. படுபாவி.

மார்ச் 5

தாங்கவில்லை. வாலு பள்ளிக்குப் போனதும் சொல்லிவிட்டேன் — நான்தான் அந்தப் பாடத்தை விட்டேன், வேணும்னே விட்டேன்.

"தெரியும். நீங்க புரட்டினப்பவே பார்த்தேன்."

"அப்புறம் ஏன் வாயே திறக்கல?"

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "வாலுவை விட்டுட்டுப் போகணுமேன்னு இருந்துச்சு. தள்ளிப்போனா போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது.

"ஆனா அந்த மரக்கப்பல் கவிழ்ந்தப்ப பகீர்னுச்சுங்க. நிஜக் கப்பல்ல இருபத்திரண்டு பேர் இருப்பாங்க. அவங்க வீட்லயும் இப்படி ஒரு ஆள் உக்காந்திருப்பார் இல்ல?"

கேள்விக் கட்டை நானே போய் எடுத்து வந்தேன்.

மார்ச் 11

குளியலறை முழுக்க வெள்ளம். பிளாஸ்டிக் டப்பில் வாலுவின் டிபன் டப்பா, அதன் மேல் ஒரு மரக்கட்டை. டப்பா ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

உயர்ந்திருந்த பக்கத்தில், டப்பாவுக்குள் அடியில் ஒரு காசை வைத்தாள் மனைவி. டப்பா சட்டென்று மறுபக்கம் புரண்டு முழுகியது. வாலு கைதட்டினாள்.

அடுத்த முறை, சாய்ந்த பக்கத்திலேயே வைத்தாள். இன்னும் சாய்ந்தது. எனக்குக் கை பரபரத்தது. "தொடாதீங்க!" பிறகு எதிர்ப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அடியில் கனம் ஏற ஏற, டப்பா மெல்ல நிமிர்ந்தது.

"முதல்ல பயமாத்தான் இருக்கும். அதுக்காக அவசரப்பட்டா முங்கிருவோம்."

ஏப்ரல் 2

தேறிவிட்டாள்! அதே தேர்வாளர். இம்முறை ஒன்றரை மணி நேரம் வறுத்தெடுத்துவிட்டு, "இதெல்லாம் யார்கிட்டம்மா படிச்ச?" என்றாராம்.

"எங்க வீட்டுக்காரர் கேட்டாருங்க சார். ஒரு பக்கம் விடாம."

ஏப்ரல் 20

புறப்பட்டாள். வாலு அழவில்லை. நான்தான் — சரி, விடு.

மே 12

பள்ளி விடுமுறை. கம்பெனி அனுமதித்ததால் மூன்று வாரம் நாங்களும் கப்பலில். காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. சமையல்காரர் பிஸ்கட் கொண்டுவந்தார். "சீஃப் மேட் வீட்டுக்காரர் நீங்கதானே? மேடம் கொடுக்கச் சொன்னாங்க." கடையில் எனக்கொரு பெயர் உண்டு. இங்கே இதுதான் பெயர். பிடித்திருக்கிறது.

ஜன்னல் வழியே கீழே தெரிகிறாள். ஆரஞ்சு உடுப்பு, தலைக்கவசம். கயிற்றுப் பக்கம் நின்ற நாலு பேரைப் பார்த்து ஒரு அதட்டல். எட்டு வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"சரிங்க சீஃப்!" என்று நாலு பேரும் விலகினார்கள்.

ஜன்னலோரம் சாய்ந்தபடியே நானும் சொன்னேன், "சரிங்க சீஃப்."