கழுதை ஏலமும் செங்கல் வியாபாரியும்

என் மனைவி ஹெல்வியாவுக்கு, ரோமிலிருந்து காவியஸ். நீயும் உன் அம்மாவும் சுகந்தானே? என் தொண்டையைத் தவிர இங்கே எல்லாம் சுகம்.

கூவும் வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார்: "பிரெடிகாரேங்கிற வார்த்தைக்கு வெறுமனே கத்துறதுன்னு மட்டும் அர்த்தம் இல்லடா. எதைக் கூவுறியோ அதைப் புகழவும் செய்யணும்."

நேற்றுக் காலை ஏலத்தில் ஒரு கழுதையைப் புகழ்ந்தேன். மதியம் செங்கல் வியாபாரி ஒருவரின் சவ ஊர்வலத்தில் அவரைப் புகழ்ந்தேன். "நல்ல உழைப்பாளி! யாரையும் உதைக்காதவர்!" என்றவன், வாய்ப்பழக்கத்தில், "ஒரு தரம்... ரெண்டு தரம்... இதுக்கு மேல யாரு கேக்குறீங்க?" என்றும் கூவிவிட்டேன்.

கூட்டத்தில் தூங்கி வழிந்த கிழவர் ஒருவர் விரலைத் தூக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. செத்தவரின் மனைவி முக்காட்டை விலக்கி, "அவருக்கே குடுத்துடுப்பா. ஆனா திருப்பிக் கொண்டாந்தா வாங்கிக்க மாட்டேன்!" என்றாள். பாடையைச் சுமந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். வேலை போகவில்லை, பயப்படாதே.

தொண்டைக்கு நம் வீட்டுத் தேன் ஒரு ஜாடி அனுப்பு. கொண்டுவருகிறவருக்கு, நீ என்னைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடவும் சொல்லிக்கொடு. இங்கே எல்லார் பெயரையும் நான்தான் கூவுகிறேன். என் பெயரைச் சொல்ல ஆளில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். தேனை மறந்தாலும் கூப்பிடச் சொல்லிக்கொடுப்பதை மறக்காதே.

உன் காவியஸ்