வயது கூட்டிய முகம்

மார்ச் 9. இன்று எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும்.

சின்னவனுக்கு,

கப்பல் வேலைக்குப் போன உன் அண்ணன் திரும்பாத ஆண்டிலிருந்து ஒரே கேன்வாஸில்தான் அவனை வரைகிறேன். அவன் பிறந்தநாள்தோறும் பழைய முகத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ஒரு வயது கூட்டித் தீட்டுகிறேன். இருக்கிறானா இல்லையா என்று எவரும் உறுதி சொல்லாதபோது, வயதையாவது நான் கொடுக்க வேண்டாமா?

படத்துக்குச் சட்டம் போடுபவர் நேற்றும் வந்து நச்சரித்தார்.

"படம் முடிஞ்சுதாம்மா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அது முடிஞ்சா அவனும் முடிஞ்சான்னு அர்த்தம். போய்யா, அடுத்த வருஷம் வா."

வீராப்பாகத்தான் சொன்னேன். ஆனால் நாளை அவன் பிறந்தநாள், முகத்தைச் சுரண்டியாயிற்று. காலையிலிருந்து தூரிகையை நனைப்பதும் துடைப்பதுமாக இருக்கிறேன், கை ஓட மறுக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

போன மாதம், "உனக்கு ஒரே பிள்ளைதான். அவனையே வரைஞ்சுக்கிட்டு இரு, நான் இனி வரல" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாய். தாழ்ப்பாள் கழன்று தொங்குகிறது. அதற்காக இதை எழுதவில்லை.

நாளை வந்து ஜன்னலோரம் சற்று நேரம் உட்கார். அவன் முகம் எனக்கு மறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நீ சாப்பிடும்போது உன்னைப் பார்த்துத்தான் அவனுக்குச் சுருக்கமும் நரையும் வைத்தேன். அந்தக் கேன்வாஸில் இத்தனை காலமும் மூப்படைந்து வந்தது நீதான்.

அம்மா