எங்கள் தொண்டையையும் சேர்த்து விற்றார்கள்

ஜூன் 27

யானிக் ஓர்ட்மன் துரோகி. எட்டு வயதிலிருந்து எங்கள் கால்பந்து கிளப்பில் ஆடியவன், "இங்கேயேதான் இருப்பேன்" என்று போன மாதம்கூடச் சொன்னவன், தெற்கே இருக்கிற அந்தப் பணக்காரக் கிளப்புக்குப் போகிறான். பார்சல் கிடங்கில் இடைவேளையில் போனில் படித்தேன். பாதி ரொட்டியைக் குப்பையில் போட்டேன். நான் பெட்டி தூக்கி டிக்கெட் வாங்குவது இதற்கா?

ஜூன் 28

அவன் பெயர் போட்ட சட்டையைத் தரை துடைக்க எடுத்தேன். சனியன், தண்ணீரைக்கூட உறிஞ்சவில்லை.

ஜூலை 2

பயிற்சி மைதானத்தில் தன் சாமான்களை எடுக்க யானிக் வந்தான். வேலிக்கு வெளியே நாங்கள் முப்பது பேர். முதலில் கத்தியது ஸ்வென்யா. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒலிபெருக்கியைப் பிடித்து எங்களைப் பாடவைக்கிறவள். அவன் போட்ட ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை.

"ஏண்டா, காசு எண்ணிக் கை வலிக்கலையா?"

அவன் வேலிக்கே வந்துவிட்டான். "நான் எங்க போறேன்னு சொன்னேன்? லீவுல இருந்தேன். தலைவர் ப்ரெம்கெ போன் பண்ணி, பேசி முடிச்சாச்சு, கையெழுத்துப் போடு, இல்லன்னா வருஷம் பூரா ஆடாம பெஞ்சுலதான்னாரு."

"நல்லா நடிக்கிற," என்றேன்.

என்னைப் பார்த்தான். "ஹென்னிங், நீ இன்னும் ரெண்டாவது சரணத்துல லேட்டாத்தான் அடிக்கிறியா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் டிரம் அடிக்கிறவன். பெட்டி தூக்கித் தூக்கி இடது மணிக்கட்டு போய்விட்டது. எந்தப் பாட்டானாலும் இரண்டாவது சரணத்தில் அரைத்தாளம் பிந்துவேன்.

அவனை நம்பவில்லை. நம்பினால் யாரைத் திட்டுவது?

ஜூலை 9

புதிய கிளப்பின் வரவேற்பு வீடியோ. யானிக் வேறு நிறச் சட்டையில் நடந்து வருகிறான். பின்னால் ஆயிரக்கணக்கான பேர் பாடுகிறார்கள். "யானிக், எங்க தெருப் பையா—"

அது நாங்க! ஸ்வென்யா கட்டின பாட்டு! இரண்டாவது சரணத்தில் டிரம் பிந்துகிறது. என் கை. பதினோரு முறை கேட்டேன். கடைசியில் பொடி எழுத்தில் எங்கள் கிளப்பின் பெயர்: அரங்க ஒலி அவர்கள் அனுமதியுடன்.

எவன் கொடுத்த அனுமதி?

ஜூலை 16

உறுப்பினர் கூட்டம். மைக்கை வாங்கிக் கேட்டேன்.

ப்ரெம்கெ சிரித்தார். "அரங்கத்துல வர்ற சத்தம் கிளப்போட சொத்து, தம்பி. டிக்கெட்டுக்குப் பின்னாடி போட்டிருக்கே, படிக்கிறதில்லையா?"

"யானிக்கையும் நீங்களாத்தானே தள்ளிவிட்டீங்க?"

"அடுத்த கேள்வி."

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். யானிக் பொய் சொல்லவில்லை.

ஜூலை 17

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

ஆகஸ்ட் 3

முதல் ஆட்டம். இனி விற்கக் குரல் தருவதில்லை, யாரும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. ஸ்வென்யா ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாகத் திரும்பி ஆட்டத்தைப் பார்த்தாள். "இவ்வளவு மோசமாவா ஆடுறோம்?" என்றாள்.

நாலாயிரம் பேர் நின்ற இடத்தில், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது.

பன்னிரண்டாவது நிமிடம் அரங்க ஸ்பீக்கர்கள் அலறின. கிளப் பாட்டு. போன வருடம் நாங்கள் பாடியதன் பதிவு. மேலே கண்ணாடி அறைகளில் இருந்த பணக்கார விருந்தாளிகள் எழுந்து கைதட்டினார்கள். இரண்டாவது சரணம். அரைத்தாளம் பிந்தி என் டிரம். என் இரண்டு கையும் கால்சட்டைப் பையில்.

வேலிமேல் ஏறிக் கத்தினேன். "யோவ் ப்ரெம்கெ! நிறுத்துய்யா! எங்க குரலத் திருப்பிக் குடுய்யா!"

மூன்று முறை கத்தினேன். பாட்டு மூன்றாவது சரணத்துக்குப் போய்விட்டது.