ஸ்டிக்கர் ஒட்டிய உள்ளான்கள்

அன்புள்ள தரணிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரிலும் நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, காலையில் நடக்கிறார். என்னைப் பற்றித்தான் அப்படி ஒரு வரியில் எழுத முடியவில்லை கண்ணு, மூன்று நாளாக மனசு உறைந்துபோய்க் கிடக்கிறது.

பனியன் கம்பெனியில் முப்பத்திரண்டு பெண்கள் சேர்ந்து தைத்த பறவைத் துணியைப் பற்றிச் சொன்னேனே. உன் நார்வேப் பக்கமிருந்து நம் குளத்துச் சேற்றுக்கு வரும் கொசு உள்ளான்களைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் ஆளுக்கொரு பறவை வெட்டி, ஒரே பெரிய துணியில் தைத்து, கீழே ஆளுக்கொரு கவிதை வரியும் நூலால் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் கட்டுவதாக இருந்தது. திங்களன்று அதை விரித்துப் பார்த்தேன். செக்கிங்கில் பதினெட்டு வருடம் பழகிய கண் சும்மா இருக்குமா, ஒன்றுக்குக் கால் கோணல், ஒன்றுக்கு நூல் பிசிறு. பனியனில் ஓட்டை கண்டால் ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரைப் பதினேழு இடத்தில் ஒட்டி, திருத்தச் சொல்லலாம் என்று மேஜையில் மடித்து வைத்தேன். இங்கே அத்தனை ஸ்டிக்கர் இருந்தால் அது கழிவுத் துணி. கழிவு அள்ளும் சின்னான் அண்ணன் அதையும் மூட்டையில் கட்டி, கழிவைப் பஞ்சாக்கும் மில்லுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் எங்களோடு தைத்த நதியா அங்கே ஓடிப் பார்த்துவிட்டு, எல்லாம் மிஷின்ல பஞ்சாயிப் போச்சுக்கா என்று போனில் அழுதாள்.

எல்லோரும் சின்னான் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது என்று ஒருத்தி கத்தினாள். ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சுங்க, ஸ்டிக்கரு ஒட்டியிருந்துச்சுங்க என்றார், யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. மேனேஜர் ராஜவேல் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சின்னான் அண்ணன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார். அத்தனை தூரம் பறந்து வரும் பறவையை வியந்து கவிதை எழுதியவள், நாலு அடி முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை தரணி. இது நான்தானா என்று இன்னும் நம்ப முடியவில்லை.

மறுநாள், ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பெண்களில் ரோஸ்மேரி மட்டும், இதைச் சொல்ல ஒங்களுக்கு ஒரு நாளா ஆச்சு என்றாள். ராஜவேல் சின்னான் அண்ணனைத் திரும்ப வரச் சொல்லிப் போன் செய்தார், அண்ணன் போனை அணைத்து வைத்திருக்கிறார். பெண்கள் மறுபடி உள்ளான் வெட்டுகிறார்கள், நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குளத்துக்குப் போவார்கள். நான் மங்கலத்துக்கு, சின்னான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். இதையெல்லாம் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. நானே சொல்கிறேன்.

உன் அம்மா,
அனிதா