பார்த்ததை மட்டும் எழுதவும்

அன்புள்ள சுண்டு அம்மாவுக்கு,

நானும் உன் மகளும் நலம். நீயும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த விதத்தில் நலம் எதுவும் தெரியவில்லை.

எடுத்ததும் முக்கியமான விஷயம். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடப் போகிறேன், மாதக் கடைசியில் பிரின்சிபாலிடம் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்றாயே, அதை இன்னும் கொடுக்கவில்லை என்றால் உன் பெட்டிக்கு அடியிலேயே இருக்கட்டும். கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள். ஏன் என்பது கடைசியில் உனக்கே புரியும். அதற்காக நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். வரிசையாகப் படி.

போனிலேயே சொல்லலாமே என்பாய். ஹாஸ்டல் வராந்தாவில் ஒரே ஒரு போன், உன் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசை. நீ விசும்ப ஆரம்பித்தால் போதும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு எரிந்து விழுவேன், அப்புறம் ஒரு வாரம் தூக்கம் இருக்காது. அதனால்தான் கடையை அரை நாள் மூடிவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஓரத்தில் இருப்பது கிரீஸ் கறை. கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே.

வீட்டு விஷயம் கொஞ்சம். சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன். சுண்டுவுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று காதுக்குக் கீழேயும் வருகிறது, ஆனாலும் பின்னல் பின்னல்தான். இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறாள். நான் மூன்று.

இனி பள்ளிக்கூடம். இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய பாலர் பள்ளி டீச்சர் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். “கவனம் இல்லை. கூப்பிட்டால் வருவதில்லை. மற்ற குழந்தைகளைத் தள்ளுகிறாள்.” ஒரு குழந்தையின் அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனதாகவும் கேள்விப்பட்டேன். உனக்கு அப்போது பரீட்சை. அதனால் மறைத்தேன். திட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல் பள்ளிக்குப் போய்விட்டேன். அந்த டீச்சர் என் தோள் உயரம்கூட இல்லை. என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காருங்கள் என்றார். அங்கே இருப்பதெல்லாம் குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் இரண்டும் மோவாயை இடிக்க உட்கார்ந்துகொண்டு யாரோடும் சண்டை போட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் கத்தி முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? “தப்பு என்னோடதுங்க. கவனம் இல்லைங்கறது நான் பார்த்தது இல்ல, நான் நெனச்சது. நாம முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்” என்றார். அப்போதுதான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

இந்த வருஷம் முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் அவர் ஒரு முறை வைத்திருக்கிறாராம். பகலில் குழந்தை யார் யாரோடு இருக்கிறதோ அவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டுச் சீட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் “பார்த்ததை மட்டும் எழுதவும்” என்று அச்சடித்திருக்கிறது. சேட்டை, சமர்த்து, திமிர், இப்படி ஒரு வார்த்தையும் கூடாது. என்ன நடந்தது, எங்கே, எப்போது, அவ்வளவுதான். சுண்டுவோடு யார் யார் இருப்பார்கள் என்று கேட்டார். நான், மதியம் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டுத் தையல் அக்கா, பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் என்றேன். அவர்களுக்கும் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டார்.

என் முதல் சீட்டில் “பிடிவாதக்காரி. அப்படியே அம்மா” என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், “அம்மாவை நான் பார்த்ததில்லை. வேறு எழுதவும்.” அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் சிரித்துக்கொள்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது நம் தொழிலில் இருப்பதுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், இது ராசியில்லாத வண்டி, என் மச்சான் தலையில் கட்டிவிட்டான் என்று கதை சொல்வார்கள். நான் அதையா கேட்கிறேன்? எங்கே நின்றது, மேட்டிலா சமதரையிலா, நிற்கும் முன் என்ன சத்தம் வந்தது, இதைத்தானே கேட்கிறேன். பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் நானும் ராசி பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

ஆகவே ஒழுங்காக எழுத ஆரம்பித்தேன். பல் தேய்க்கும்போது கூப்பிட்டால் திரும்பவில்லை. எதிரே போய் நின்று கேட்டால் பதில் சொல்கிறாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு. அக்கா முத்து முத்தாக எழுதினார். வேன் அண்ணனுக்கு எழுதச் சோம்பல். தினமும் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டீச்சரிடம் வாயால் சொல்ல, அவர் எழுதிக்கொண்டாராம்.

ஒரு சீட்டை மட்டும் எழுதிவிட்டுக் கொடுக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். “ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் என்றால் ஓடி வருகிறாள். காதில் வைத்ததும் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு போனைத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறாள்.” ஊரார் படிக்கிற மாதிரி இதை எப்படிக் கொடுப்பது? இதனால்தானே, அவள் என்னை மறந்துவிட்டாள், இனிமேல் போனை அவளிடம் கொடுக்காதீர்கள் என்று நீ அழுதாய். இதனால்தானே படிப்பையே விடப் போகிறேன் என்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீ அழுத மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், டீச்சர் எங்கள் மூன்று பேரையும் பள்ளிக்குக் கூப்பிட்டார். மறுபடியும் அதே நாற்காலி. வேன் அண்ணன் உட்கார்ந்தார், நாற்காலி ஒரு முறை முனகியது, எழுந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். டீச்சர் சீட்டுகளை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தார்.

வேன் அண்ணன் சொன்னது: எந்த வரிசையானாலும் இடது ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்கிறாள். அங்கே வேறு பிள்ளை இருந்தால் தள்ளுகிறாள். டீச்சர் எழுதியது: கதை சொல்லும்போது எழுந்து வந்து வரிசையின் இடது கோடியில் உட்காருகிறாள். அங்கே இருக்கும் குழந்தையைத் தள்ளுகிறாள். அக்கா எழுதியது: மதியம் வலது பக்கம் சாய்ந்து படுத்தால் தையல் மெஷின் ஓடினாலும் எழுவதில்லை. இடது பக்கம் புரண்டுவிட்டால் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாலே எழுந்துவிடுகிறாள்.

டீச்சர் படித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு வேறு வழியில்லாமல் பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் நைந்து போயிருந்தது. இரண்டு தடவை படித்தார். “போனை எப்படிப் பிடிப்பீங்க, செஞ்சு காட்டுங்க” என்று என் கையில் கரும்பலகை டஸ்டரைக் கொடுத்துவிட்டு, சுண்டு மாதிரி என் எதிரே வந்து நின்றார். நான் எப்போதும் போல வலது கையால் பிடித்து அவர் காதருகே கொண்டுபோனேன். நாங்கள் நாலு பேரும் அந்த டஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். “இடது காது” என்றார் வேன் அண்ணன், மெதுவாக. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே காது டாக்டரிடம் போனோம். டீச்சர் எல்லாச் சீட்டையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர் அதை முழுக்கப் படித்தார். இப்படிக் கொண்டு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம் என்றார். பிறகு சுண்டுவுக்கு ஹெட்போன் மாட்டி, முன்னால் மரக்கட்டைகளையும் ஒரு கூடையையும் வைத்தார்கள். சத்தம் கேட்டால் ஒரு கட்டையைக் கூடையில் போட வேண்டும். வலது காதுக்கு டக்டக்கென்று போட்டாள். அப்புறம் கூடையைக் காலி செய்துவிட்டு இடது காதுக்குச் சத்தத்தை மாற்றினார்கள். அவள் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போது வரும் என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். கூடை காலியாகவே இருந்தது.

பயப்படாதே. அடிக்கடி சளி பிடித்ததில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறதாம். இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் தானே வற்றிவிடும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம், வற்றாவிட்டால் சின்னதாக ஒரு துளை போட்டு எடுத்துவிடலாம் என்றார். நீ படிக்கிற படிப்புக்கு இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தெருமுனையில் வருகிற வண்டியின் சத்தத்தை வைத்து செயின் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற ஆள் நான். மடியில் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் கேட்கவில்லை என்பது தெரியவில்லையே.

இடது ஓரத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் கேட்கிற காதுப் பக்கம் வந்துவிடுவார்கள் என்றுதான் தள்ளியிருக்கிறாள்; இப்போது வேனிலும் வகுப்பிலும் அந்த இடம் அவளுக்கென்றே ஒதுக்கியாகிவிட்டது. தள்ளுவது நின்றுபோனது. சண்டை போட்ட அம்மாவிடம் டீச்சர் எடுத்துச் சொன்னாராம். அந்தக் குழந்தை இப்போது சுண்டுவின் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு டீச்சர் சொல்வதையெல்லாம் அவளுக்குத் திருப்பிச் சொல்கிறதாம். டீச்சர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறது என்று கேள்வி.

இனிதான் நான் சொல்ல வந்தது.

டாக்டரிடம் போய்வந்த அன்று சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். உனக்கு ஏதோ கேட்காதாமே, எங்கிட்ட சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவளுக்கு அது புரியவில்லை. கேட்காதது கேட்கவில்லை என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஏதோ யோசித்துவிட்டுத் திரும்பி, “அம்மா போன் பண்ணிட்டு ஏம்ப்பா பேசவே மாட்டேங்கறாங்க? எம்மேல கோபமா?” என்று கேட்டாள்.

சீப்பை வைத்துவிட்டேன். அவள் உன்னை மறக்கவில்லையம்மா. வாரா வாரம் ஓடி வந்து, நீ பேசுவாய் பேசுவாய் என்று நின்று பார்த்திருக்கிறாள். நான்தான் கேட்காத காதில் உன்னை வைத்துக்கொண்டிருந்தேன். நம் போனில் ஸ்பீக்கர் செத்து ஒரு வருஷம் ஆகிறது. ஊர் வண்டியெல்லாம் சரி பார்க்கிறவன் அதை ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை பார்.

உடனே அக்காவைக் கீழேயிருந்து நம் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். வலது காதில் வைத்தேன். என்ன தைக்கிறீங்க, யாருக்கு, என்ன கலர், பட்டன் உண்டா என்று ஒரு விசாரணை. போனைத் திருப்பித் தரவே மாட்டேன் என்கிறாள்.

டீச்சர் உனக்கும் ஒரு கட்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார், உள்ளே இருக்கிறது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நீ பார்த்தது எதுவானாலும் எழுதி அனுப்பு. எந்தப் பக்கம் படுத்தால் தூங்கினாள், சளி எப்போதெல்லாம் பிடித்தது, எல்லாம். தொலைவில் இருந்தாலும் அம்மா சீட்டு இல்லாமல் கட்டு முழுசாகாது என்றார் அவர். என்னைப் பற்றி எதுவும் எழுதிவிடாதே, திருப்பி அனுப்பிவிடுவார்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. அது வேறு கணக்கு, அதை நான் தாங்கிக்கொள்வேன். இன்னும் ஏழு மாதம்தான். நர்ஸ் பேட்ஜைக் குத்திக்கொண்டு நீ வந்து இறங்கும்போது வாசலில் அவளை நிறுத்தி வைக்கிறேன். அழுதுகொண்டு பாதியில் மட்டும் வந்து நிற்காதே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே, அவள் பெயரைச் சொல்லு, அது போதும். அவள் பதில் சொல்லும்வரை வைத்துவிடாதே. பின்னால் நிற்கிற பத்துப் பேரும் காத்திருக்கட்டும். நான் நாலு நாளாக டீச்சரிடம் வாங்கிவந்த டஸ்டரை வைத்து இடது கையால் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா