காணாமற்போன ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர்

தலன்ஸத்காத், மங்கோலியா
18 ஜனவரி 2010

மதிப்பிற்குரிய ததேபே ஃபூமியே அம்மையாருக்கு,

முகம் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். உங்கள் பழைய டீசல் ஜீப் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் கால்நடை மருத்துவர். ஜப்பானில், ஹொக்கைதோவில் படித்ததால் உங்கள் மொழி கொஞ்சம் வரும். தொயாமாவில் கப்பலேறி, சீனாவில் ரயில் மாறி, வண்டி வந்து சேர ஐம்பத்திரண்டு நாள்.

உள்ளே உங்கள் முகவரியோடு சர்வீஸ் புத்தகம் கிடந்தது. அதன் கடைசிப் பக்கம் 2,24,000 கிலோமீட்டர் என்கிறது. மீட்டரோ 61,000 காட்டுகிறது. எனக்கு விற்ற தொயாமா வியாபாரி, "ஒரு அம்மா கடைக்குப் போய்வர மட்டும் ஓட்டுன வண்டி" என்றார். அடித்தகடு முழுக்கக் கல் உரசிய தழும்பு. எந்தக் கடைக்கு அம்மா போய்வந்தீர்கள்?

பணிவுடன்,
ஸோல்ஸயா

தொயாமா
3 பிப்ரவரி

ஸோல்ஸயா டாக்டருக்கு,

உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. புத்தகம் சொல்வதே உண்மை. அந்த வியாபாரியிடம் நான் விற்றபோது 2,31,000; மீட்டரை அவன்தான் பின்னால் திருப்பியிருக்கிறான். மலைக் கிராமங்களுக்கு வீடு தேடிப் போகும் செவிலி நான். பதினாறு பனிக்காலம் அதில்தான் போனேன். பார்வை மங்கியதால் விட்டேன்.

முக்கியமானது: டைமிங் பெல்ட்டை மாற்றியது 1,30,000-இல். லட்சத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கெடு தாண்டிவிட்டது. அறுந்தால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும்; மாற்றாமல் ஊரைத் தாண்டாதீர்கள்.

அங்கே குளிர் எவ்வளவு? வழியில் வீடுகள் உண்டா? அங்கே ஸ்டீரிங் இடப்பக்கமாமே, வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினால் சிரிக்கிறார்களா?

ஃபூமியே

தலன்ஸத்காத்
21 பிப்ரவரி

அன்புள்ள ஃபூமியே அம்மா,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை தனியாக இருநூற்றறுபது கிலோமீட்டர் போக இருந்தேன். மெக்கானிக் பத்சூக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, இந்த பெல்ட்டை நம்பியா கோபிப் பாலைவனத்துக்குள்ள போகப் பாத்தீங்க? தொட்டாலே நார் நாரா உரியுது" என்றான். அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. வழியில் வீடே கிடையாது.

விற்றவருக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. ஏமாந்தது நான்தான், நீங்கள் மனம் வருந்த வேண்டாம். சிரிக்கிறார்கள், ஆமாம்.

ஸோல்ஸயா

தொயாமா
8 மார்ச்

அன்புள்ள ஸோல்ஸயா,

வருந்தவில்லை, அந்த வியாபாரியின் கடைக்கே நேரே போய் உட்கார்ந்துவிட்டேன். விற்ற பில்லில் நானே எழுதிய 2,31,000-ஐ அவன் முன்னால் வைத்தேன்.

"வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு? வண்டிதான் நாடு தாண்டிப் போயிருச்சே."

"ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டரைக் காணோம். ராத்திரி பகல்னு பாக்காம நான் ஓட்டுன தூரம் அது. எங்க வச்சிருக்க? எடுத்துக் குடு!"

வாங்க வந்திருந்த இரண்டு பேர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டான். வண்டியைத் திருப்பி அனுப்பினால் முழுப்பணம், வைத்துக்கொண்டால் பாதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்கும் வயதாகிவிட்டது. முடிவு உங்களுடையது.

ஃபூமியே

தலன்ஸத்காத்
10 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

வண்டியை அனுப்பவில்லை. பாதிப் பணம் போதும் என்று எழுதிவிட்டேன்.

நேற்று மணற்காற்றில் ஓர் ஒட்டகக்காரர் குடிலுக்குப் போனேன். ஒட்டகம் ஈன முடியாமல் தவித்தது; வயிற்றில் குட்டி குறுக்கே கிடந்தது. தாயும் குட்டியும் பிழைத்தன. வீட்டுக்காரி பால்தேநீரை நீட்டியபடி வாசல் வழியே பார்த்து, "யாரு வண்டி இது? ஸ்டீரிங் அந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள்.

"எங்க அக்காவோடது. ஜப்பான்ல இருக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்னது பொய்யா என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஸோல்ஸயா