உறவினர் இல்லை என்று எழுதவைத்த சம்பந்திக்கு

முந்தாநாள் என் மகள் உங்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எண்பது பக்கக் கொப்பி. பழைய கலண்டர் தாளால் உறை போட்டிருக்கிறீர்கள். திறந்ததும் ஒட்டுப்பால் வாடை அடித்தது. நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையின் வாடை. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். "எங்க வீட்டு சாம்பார்லகூட ரப்பர் வாசம் வரும் சம்மந்தி, பாத்துச் சாப்பிடுங்க."

அந்த வாடையோடு கோபமும் சேர்ந்து வந்தது. இந்தக் கடிதத்தை அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். மென்மையாக எழுதப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கொப்பியில் பதினொரு மாதத்துத் திகதிகள் இருக்கின்றன. டொக்டரின் இங்கிலீஷ் கிறுக்கலுக்குக் கீழே தாதியின் சிங்கள எழுத்து. உங்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். "அடுத்த முறை உறவினர் ஒருவரை அழைத்து வரவும்" என்று மூன்று மாதம் தொடர்ந்து எழுதியிருக்கிறார் அந்தப் பெண். நான்காம் மாதம் அலுத்துப் போயிருக்க வேண்டும். "உறவினர் யாரும் இல்லை என்கிறார்" என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிட்டார்.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "கவுருத் நே, மிஸ்" என்றிருப்பீர்கள். யாரும் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் உங்கள் மகன் யாரும் இல்லை. ஒன்பது வருஷமாக உங்கள் அடுப்பில் சமைக்கும் என் மகள் யாரும் இல்லை. பேரப்பிள்ளைகள் இருவரும் இல்லை. நானும் இல்லை. அப்படியானால் இத்தனை காலம் ஒருவரையொருவர் சம்பந்தி, சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டோமே, அது என்ன?

பள்ளிக்கூடத்தில் உறவுப் பெயர் படிப்பிக்கும்போது இரண்டு பிள்ளைகளை முன்னால் நிறுத்துவேன். இவன் அவளுக்கு அண்ணன் என்றால் அவள் இவனுக்கு யார் என்று கேட்பேன். "தங்கச்சி, டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். மாமியார் என்றால் எதிரே மருமகள். பெரியப்பா என்றால் எதிரே மகன். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெயர், அந்தப் பக்கத்திலிருந்து வேறு பெயர். பெரும்பாலும் ஒருவர் கை மேலே இருக்கும், மற்றவர் கை கீழே இருக்கும். பிறகு கேட்பேன்: இரண்டு பேரும் ஒரே பெயரால் கூப்பிட்டுக்கொள்கிற உறவு எது? பிள்ளைகள் விழிப்பார்கள். யாராவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை "சகலை" என்று சொல்லும். இன்னொன்று "சம்மந்தி" என்று கத்தும். உடனே இருவரை அழைத்து வகுப்பு வாங்குப் பலகையை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கச் சொல்வேன். சம்பந்தி என்றால் இதுதான் பிள்ளைகளே, இரண்டு முனையிலும் ஒரே பாரம். ஒருத்தர் சொல்லாமல் கையை விட்டால் மற்றவர் காலில் விழும்.

என் காலில் விழுந்திருக்கிறது, சம்பந்தி.

ஆனால் அந்தச் சொல்லின் பொருளை எனக்குச் சரியாகப் புரியவைத்தவரே நீங்கள்தான். அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால், யட்டியாந்தோட்டை பசாருக்குப் பின்னால் என் வீட்டுக்கு மேலே இருக்கும் மண்மேட்டில் வெடிப்பு விட்டபோது, அதிகாரிகள் வந்து அன்றைக்கே வெளியேறச் சொன்னார்கள். ஒரு பையோடு தோட்டத்து வரிசை வீட்டுக்கு, உங்கள் லயத்துக்கு வந்தேன். தங்குவதற்கு இல்லை, மகளிடம் சொல்லிவிட்டுப் போவதற்குத்தான். பெண் கொடுத்த வீட்டில் பெண்ணைப் பெற்றவள் போய்த் தங்குவது நம் ஆட்களுக்குள் வழக்கமில்லை. நீங்கள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தீர்கள். தலையில் பிளாஸ்டிக் உறை, இடுப்பில் பால் வெட்டும் கத்தி.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பள்ளிக்கூடத்துல முகாம் போட்டிருக்காங்க. எல்லாரும் அங்கதான் போறோம்."

"எல்லாரும் போகட்டும். எல்லாருக்கும் மேல் லயத்துல சம்மந்தி இருக்கா?"

"பொண்ணு குடுத்த வீட்டுல வந்து குந்திக்கிட்டா சனம் என்ன பேசும்?"

"அப்ப சம்மந்தின்னு கூப்பிடாதீங்க. 'ஏ பொம்பள'ன்னு கூப்பிட்டுட்டுப் போங்க." பையைப் பிடுங்கிக்கொண்டீர்கள். "நீங்க எனக்குச் சம்மந்தின்னா நானும் ஒங்களுக்குச் சம்மந்திதானே? நாளைக்கு நான் ஒங்க வாசல்ல வந்து நிப்பேன். அப்ப தொரத்துவீங்களா?"

இரண்டு மாதம் இருந்தேன். இருப்பதே இரண்டு காம்பரா. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தீர்கள். நானும் முகம் சுளிக்கவில்லை. எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தேங்காய்ச் சம்பலை இரண்டாம் தடவையும் கேட்டுச் சாப்பிட்டேன். பக்கத்துக் காம்பராக்காரி, "என்ன, டீச்சரம்மாவுக்குப் பால் வெட்டப் பழக்குறியா?" என்று கேட்டதற்கு, "எங்க பழகுறாங்க? மரத்துல கோடு கோணலா இருக்குன்னு செவப்புப் பேனையத் தேடுறாங்க" என்றீர்கள். லயமே சிரித்தது. கடன்பட்டவளாக ஒரு நாளும் என்னை உணரவிடவில்லை. வாங்கிக்கொள்வது அவமானமில்லை என்று அந்த வயதில் நான் படித்த பாடம் அது.

நாளைக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பேன் என்றீர்களே. வந்துதான் நின்றீர்கள். பதினொரு மாதமும்.

கொப்பியில் உள்ள திகதிகளை என் கலண்டரோடு வைத்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி, கோவில் பூசை என்று குறித்துவைக்கும் கலண்டர் அது. நீங்கள் வந்த நாட்களும் அதில் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பஸ் பசாரில் நிற்கும். பகல் இரண்டு மணிபோல வருவீர்கள். "சும்மா, சாமான் வாங்க வந்தேன் சம்மந்தி." சாமான் பை வெறுமையாக இருக்கும். நான் அதைப் பார்த்தேன், கேட்கவில்லை. பிளேன்டீ ஊற்றி, தொட்டுக்கொள்ள உள்ளங்கையில் சீனி வைக்க வந்தால், சீனி வேண்டாம் என்பீர்கள்.

"என்ன சம்மந்தி, அழகு கூடிப்போச்சா? மெலிஞ்சிக்கிட்டே போறீங்க?"

"மருமக சோறு போடல. ஒங்க மகதானே, நீங்களே கேளுங்க!"

இரண்டு பேரும் சிரித்தோம். கேட்க வேண்டியதை அந்தச் சிரிப்பில் விட்டுவிட்டேன்.

ஏழாம் மாதம் வந்த அன்று என் வீட்டில் ஒரு கூடை பலாக்கொட்டை கிடந்தது. "சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் உரிச்சுத் தாங்களேன்" என்றேன். கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உரித்துக் கொடுத்தீர்கள். பஸ்ஸுக்கு எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். வயசு என்று நினைத்தேன். அந்த நாளுக்குக் கொப்பியில் எழுதியிருப்பதை இப்போதுதான் படித்தேன்: இரண்டு காலிலும் வீக்கம், சிறுநீரகம் மோசம், வார்டில் தங்க மறுக்கிறார்.

வார்டில் தங்க மறுத்துவிட்டு வந்து என் வீட்டில் பலாக்கொட்டை உரித்திருக்கிறீர்கள். இதை நான் என்ன செய்வது? சொல்லுங்கள். யாரிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வது?

செத்த வீட்டில் கோடி போடும் நேரம் வந்தது. "சம்மந்தி கோடி எங்க? சம்மந்தி முன்னுக்கு வாங்க!" என்று கூப்பிட்டார்கள். பெண்கள் வழிவிட்டார்கள். பச்சைச் சேலையை விரித்து உங்கள் மேல் போர்த்தினேன். உங்கள் அக்கா பக்கத்தில் நின்று, "நல்ல சேலையா எடுத்திருக்கீங்க டீச்சரம்மா. அவ பாக்கலையே" என்றார். அந்த வார்த்தையில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் உங்களுக்கு எதைக் கொண்டுவந்தாலும் அதே பையில் வேறொன்றைப் போட்டுத் திருப்பி அனுப்புவீர்கள். வாழைப்பழம் கொண்டுவந்தால் முருங்கைக் கீரை, பிஸ்கட் கொண்டுவந்தால் கொச்சிக்காய். வெறும் பையைத் திருப்பக் கூடாது என்பீர்கள். நான் அதை அன்பு என்று நினைத்திருந்தேன். அன்புதான். ஆனால் என்னிடமிருந்து நீங்கள் திருப்பித் தராமல் வாங்கிக்கொண்டது அந்தக் கோடிச் சேலை ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள உங்களுக்குச் சாக வேண்டியிருந்தது.

கடைசி இரண்டு மாதமும் என் மகளுக்கு எல்லாம் தெரியும் என்று கருமாதி அன்று தெரிந்தது. நான் அன்றைக்கு லயத்தை விட்டு இறங்கிய பிறகு அவளோடு பேசவில்லை. அவள் எடுத்த போன் கோல்களுக்கும் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் முந்தாநாள் கொப்பியோடு வந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்த சொன்னா என்ன கொறைஞ்சிருக்கும் ஒனக்கு?"

"சின்னவன் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. நான் என்ன செய்ய?"

"ஏன்? நான் என்ன அந்நியமா?"

"'சொன்னா சம்மந்தி எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்து எனக்குப் பீ மூத்திரம் அள்ளுவாங்க. நான் மகனப் பெத்தவ. பொண்ணப் பெத்தவங்கள வேல வாங்கினான்னு ஒரு பேச்சு எனக்கு வேணாம்'னாங்க."

ஆக, அதுதான் காரணம். எனக்காக உடைத்துப்போட்ட அதே வழக்கத்தை உங்களுக்கு மட்டும் எடுத்து ஒட்டவைத்துக்கொண்டீர்கள். நான் உங்கள் கட்டிலில் படுக்கலாம். நீங்கள் என்னிடம் ஒரு பஸ் துணை கேட்கக் கூடாது. இது என்ன நியாயம்? கொடுக்கிற பெருமை முழுக்க உங்களுக்கே வேண்டும் என்று நினைத்தீர்களா? நான் மகளிடம் சத்தமே போட்டுவிட்டேன். அவளும் விடவில்லை. உங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தவள் அல்லவா.

"நீங்க மட்டும் என்னவாம்? மாசா மாசம் வாசலுக்கு வந்தாங்களே. ஒருக்கா ஒடம்புக்கு என்னான்னு கேட்டீங்களா? கொட்ட உரிக்கச் சொன்னீங்களாம். எனக்குத் தெரிஞ்ச பொறகு சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாங்க. 'ஒங்கம்மாவுக்கு என்னையப் பாத்தா நோயாளியாவே தெரியலடி'ன்னு."

நீங்கள் அதைச் சந்தோஷமாகச் சொன்னீர்களா, அல்லது நான் கண்டுபிடித்துவிட மாட்டேனா என்று ஏங்கிச் சொன்னீர்களா? மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. உங்கள் மேல் இருந்த கோபம் அதனால் குறையவில்லை. என் மேலும் ஒன்று சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். வரும் புதன்கிழமை எனக்கு வலது கண்ணில் புரை வெட்டுகிறார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஒரு ஓட்டோக்காரனைப் பேசிவைத்திருந்தேன். மகளுக்குச் சிரமம், மாப்பிள்ளையிடம் கேட்பது முறையில்லை என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. நீங்கள் சொன்ன அதே காரணங்கள். மகள் படியிறங்கும்போது கூப்பிட்டுச் சொன்னேன்.

"மாப்புள்ளைய வரச் சொல்லு."

"நெசமாவா? அவர்கிட்ட நீங்க தண்ணிகூடக் கேட்டதில்லையே!"

"இப்பக் கேக்குறேன்."

இன்று காலையில் உங்கள் மகன் கொழும்பிலிருந்து கோல் எடுத்தார். "லீவு போட்டுட்டேன் அத்த. அங்க நான் என்ன ஒறவுன்னு கேட்டா என்னா சொல்ல? மருமகன்னா உள்ள விடுவாங்களா, மகன்னே சொல்லிறவா?"

"ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க மாப்புள்ள. யாரும் இல்லன்னு சொல்ற ஆள் நம்ம குடும்பத்துல ஒருத்தர் போதும்."

சட்டென்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோலை வெட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அழட்டும், பெற்ற பிள்ளை. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, சம்பந்தி. முதலில் இந்தக் கோபம் தீர வேண்டும். எனக்கு அவசரமில்லை.